பாப்பாவை வகுப்பு மாற்ற வேண்டாம்

பெருந்துறை

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப் போட்டிருக்கிறோம், உன் அம்மா அங்கேதான் நிற்கிறாள். போனில் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது, அதனால் இதைக் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பாப்பாவை அந்த அட்வான்ஸ்டு இலக்கிய வகுப்பிலேயே விடுவதா, சாதாரண வகுப்புக்கு மாற்றுவதா என்று கேட்டிருந்தாய். மாற்றாதே கண்ணு. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு ஹோமர் எதற்கு, நமக்கும் கிரேக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறாய். நம் விஜயமங்கலத்துக்காரர் என்று சொல்கிறோமே, கொங்குவேளிர், அவர் பெருங்கதையில் பாடியது யாரை? வடக்கே கோசாம்பி நகரத்து அரசன் உதயணனை. எங்கேயோ பைசாச மொழியில் பிறந்த கதை அது. தூரத்துக் கதை நமக்கு ஆகாது என்று அந்த மனுஷன் நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் செய். கதைச் சுருக்கத்தை இணையத்தில் தேடிப் படித்து அவளுக்கு முன்கூட்டியே சொல்கிறாயாமே, அதை நிறுத்து. செய்யுளைத் திறக்காமலே கைடில் இருக்கிற பொருளுரையை நெட்டுருப் போட்ட பிள்ளைகளை நான் வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். மார்க் வரும், அதோடு சரி.

ஹோமரின் ஒடிசி காவியத்தை முதலிலிருந்து படித்து அவளுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது என்றால், மொத்தம் 24 பகுதி, அதில் 17ஆவதைத் திறக்கச் சொல். போருக்குப் போன ஒடிசியஸ் 20 வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் சொந்த வீட்டுக்கு வருகிறான். வாசலில், வயலுக்கு அள்ளிப் போகிற வரைக்கும் என்று கொட்டி வைத்த மாட்டுச் சாணிக் குவியலில், உண்ணி மொய்த்துக் கிடக்கிறது ஒரு கிழட்டு நாய். அவன் வளர்த்த ஆர்கோஸ். வீட்டு ஆட்களுக்கே அடையாளம் தெரியாதவனை அது தெரிந்துகொள்கிறது. வாலை ஆட்டி, காதைத் தாழ்த்துகிறது. எழுந்து வரத் தெம்பில்லை. அவனும் கிட்டே போக முடியாது, போனால் வேஷம் கலைந்துவிடும். முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரோ போல, கூட வந்த பன்றி மேய்ப்பவனிடம், ‘இவ்வளவு அழகான நாய் சாணியில் கிடக்கிறதே, நன்றாக ஓடுமா?’ என்று விசாரிக்கிறான். அவனைப் பார்த்துவிட்ட நாய் அங்கேயே செத்துவிடுகிறது. எருக்குழியும் உண்ணியும் தெரிந்தவனுக்கு இதில் என்ன அருஞ்சொற்பொருள் வேண்டும்?

நம் பக்கமும் ஒன்று சொல்லிக் கொடு. புறநானூறு 50, மோசிகீரனார் பாட்டு. களைத்து வந்த புலவர், பூப்பரப்பிய கட்டில் ஒன்றைப் பார்த்துப் படுத்துத் தூங்கிவிட்டார். அது முரசுக் கட்டில், முரசை நீராட்டக் கொண்டு போயிருந்தார்கள். அதில் ஏறியவனை வாளால் இரண்டாக்குவது வழக்கம். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வந்தான், பார்த்தான், விசிறி எடுத்து வீசினான். விழித்தெழுந்த புலவர் பாடியதுதான் அந்தப் பாட்டு. படுக்கையை ‘எண்ணெய் நுரை முகந்தன்ன’ என்கிறார். செக்கில் எண்ணெய் எடுக்கும்போது நிற்கிற நுரையை அவள் பார்த்ததில்லை. அடுத்த லீவுக்கு வரும்போது நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

அப்புறம், பழசுதான் கஷ்டம், புதுசு தானாகவே படித்துக்கொள்வாள் என்று நினைக்காதே. எனக்கென்னவோ புதுசுதான் கஷ்டம். நடை ஓடும், ஆனால் யார் பக்கம் நியாயம் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அவள் வகுப்புப் பட்டியலில் இருக்கிற, அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில், செய்யாத குற்றத்துக்காகக் கறுப்பின மனிதன் ஒருவன் கூண்டில் நிற்கிறான். கதை சொல்வது வக்கீலின் சின்ன மகள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது, அவளுக்குப் புரியாமல் நமக்குப் புரிவது எவ்வளவு என்று பாப்பாதான் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் நீ வாயைத் திறக்காதே.

உனக்கும் ஒரு புத்தகம் சொல்கிறேன். நம் கீரனூர் ஆர். சண்முகசுந்தரம் எழுதிய நாகம்மாள், 1942. செத்துப்போன புருஷன் பங்கு நிலத்தைத்தான் கேட்கிறாள், நியாயமான கேள்விதான். அது கொலையில் போய் முடிகிறது. பேச்செல்லாம் அப்படியே நம்மூர்ப் பேச்சு. பாப்பாவுக்கு இப்போது வேண்டாம், நீ படி. மாப்பிள்ளையின் சித்தப்பா அடுத்த மாதம் அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை வீடியோவில் பாப்பாவை புத்தகத்தோடு உட்கார வை. அந்த 17ஆம் பகுதியை அப்பிச்சிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். ஒடிசியஸ் நாயைத் தொடாமல் போனது சரியா தப்பா என்று கேட்பேன். பதில் சொல்லிக் கொடுத்து அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா