எங்களுக்கேன் சோலி? பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு எமது மண்டபத்தில் உயர்தர மாணவர்கள் ஒரு நாடகத்தை மேடையேற்றுகிறார்கள். சுவிற்சர்லாந்து எழுத்தாளர் மக்ஸ் ஃபிரிஷ் எழுதி, 1958இல் சூரிச் நகரில் முதன்முதலாக மேடையேறிய, தீ வைப்போர் பற்றிய நாடகம் அது. "பரீட்சை நேரத்தில் இப்படியொரு இருண்ட கதை தேவையா?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

தலைமயிர்த் தைலம் விற்கும் வசதியான முதலாளி ஒருவர். ஊரில் வீடுகளைக் கொளுத்துகிறவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்று கொதிக்கிறார். ஆனால் வாசலுக்கு வந்த முரடன் ஒருவன் அவருடைய நல்ல மனதைப் புகழ்ந்ததும், சாப்பாடு கொடுத்துப் பரணில் படுக்கவும் விடுகிறார். பிறகு இன்னொருவன் வருகிறான். பெற்றோல் பீப்பாய்கள் பரணேறுகின்றன. திரியை அளக்கும்போது நுனியைப் பிடித்துக்கொடுப்பவரும் அவரே. கடைசியில் நெருப்புக்குச்சி கேட்கிறார்கள். அதையும் கொடுக்கிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒத்திகையில், முதலாளியாக நடிக்கும் மாணவனின் கை நெருப்புப்பெட்டியோடு பாதியில் நின்றுவிட்டது. "சேர், இவருக்குத் தெரியும்தானே. பிறகேன் கொடுக்கிறார்?" நான் பதில் சொல்லவில்லை. மேடை விளிம்பில் இருந்த ஒரு மாணவி சொன்னாள்: "கொடுக்காவிட்டால் அவர்களைச் சந்தேகிப்பதாகிவிடும். அதைக் காட்டிக்கொள்ள அவருக்குப் பயம்." அதன்பின் அரை மணி நேரம் ஒத்திகை நடக்கவில்லை, பிள்ளைகள் தங்கள் ஒழுங்கைகளைப் பற்றிப் பேசினார்கள். முடக்கில் போதைப்பொருள் கைமாறுவதைக் கண்டும் பெரியவர்கள் "எங்களுக்கேன் சோலி" என்று படலையைச் சாத்துவதைச் சொன்னார்கள். எனக்கு மனம் கனத்தது. நானும் அப்படிச் சாத்தியிருக்கிறேன்.

நாடகத்தில் இடையிடையே வந்து எச்சரிக்கும் தீயணைப்போர் குழுவை நாட்டுக்கூத்துப் பிற்பாட்டுப் போல அமைத்திருக்கிறோம். முதலாளி வேலையை விட்டு விலக்கிய ஊழியர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியும் கதையில் வருகிறது. அது மேடையில் காட்டப்படாது. ஆனாலும் தரம் 9க்குக் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் உங்களிடையே இருக்கிறீர்கள். அதனால் மேடையில் உண்மையான தீ இருக்காது. ஒளியும் மணியோசையும் மட்டுமே.

இந்த வாரம் ஒத்திகை முடிய மாலை 5.30 ஆகும். வீட்டிலிருந்து யாராவது வந்து பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள்.

அன்புடன்,
அதிபர்