1965 கூட்டரசாங்கமும் விடுபட்ட காணிப் பந்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 1965ஆம் ஆண்டு அமைந்த ஏழு கட்சிக் கூட்டரசாங்கத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, ஐக்கிய தேசியக் கட்சித் (ஐ.தே.க.) தலைவர் டட்லி சேனநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த டட்லி–செல்வா ஒப்பந்தத்தை மொழியோடும் மாவட்ட சபையோடும் முடித்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தின் நாலாவது பந்தி காணியைப் பற்றியது. மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு மற்ற மூன்றையும் விட அதுவே முக்கியம். அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

முதலில் ஒரு பிழை. தமிழரசுக் கட்சி அமைச்சுப் பதவியே ஏற்கவில்லை என்று எழுதப்பட்டிருந்தது. தேர்தலில் வென்ற 14 பேரில் எவரும் அமைச்சராகவில்லை என்பது சரி. ஆனால் முன்னாள் சொலிசிற்றர் ஜெனரல் மு. திருச்செல்வம் நாடாளுமன்றத்தின் மேலவையான செனற் சபைக்கு நியமிக்கப்பட்டு, உள்ளூராட்சி அமைச்சரானார். அன்றைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின்படி அமைச்சரவையில் குறைந்தது இருவர் செனற்றர்களாக இருக்கவேண்டும், அவர்களில் ஒருவர் நீதி அமைச்சர். நீதி அமைச்சு செனற்றர் விஜேமான்னவுக்குப் போயிற்று. மற்ற இடம் திருச்செல்வத்துக்கு. மக்கள் பிரதிநிதி ஒருவரும் பதவி ஏற்காமலேயே கட்சி அமைச்சரவைக்குள் நுழைய வழிவிட்டது இந்த ஏற்பாடுதான்.

இனி எண்ணிக்கை. 1965 மார்ச் 22 தேர்தலில் தெரிவான 151 பேரில் ஐ.தே.க. 66, சுதந்திரக் கட்சி 41, தமிழரசுக் கட்சி 14, சமசமாஜக் கட்சி 10, சி. பி. டி சில்வாவின் கட்சி 5, கம்யூனிஸ்ட் 4, தமிழ்க் காங்கிரஸ் 3, பிலிப் குணவர்த்தனாவின் கட்சியும் ராஜரத்னாவின் கட்சியும் ஒவ்வொன்று, சுயேச்சைகள் 6. அரசாங்கம் அமைத்த பின்னர் நியமன உறுப்பினர் ஆறு பேர் சேர, சபை 157 ஆகும், பெரும்பான்மைக்கு 79 வேண்டும். அந்த ஆறு பேரும் யார் பிரதமரோ அவர் பக்கம் சேர்வார்கள். ஆகவே யார் முதலில் பதவிப்பிரமாணம் செய்வது என்பதே தேர்தல் முடிந்த அந்த இரண்டு மூன்று நாட்களின் முழுப் போட்டி. மார்ச் 24இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது அதனால்தான்.

ஆனால் ஆறு பேரும் நியமனமான பிறகு அதே கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஐ.தே.க. 66, டி சில்வா கட்சி 5, தமிழ்க் காங்கிரஸ் 3, பிலிப் கட்சி 1, ராஜரத்னா கட்சி 1, அதோடு நியமன உறுப்பினர் 6. மொத்தம் 82. தமிழரசுக் கட்சி இல்லாமலே ஆட்சி நிற்கும். 14 ஆசனங்களின் பெறுமதி மார்ச் 24இல் உச்சத்தில் இருந்தது, பிறகு இறங்கியது. கையெழுத்துக்கு முன்னரே கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டியவற்றை, பின்னர் பேசித் தீர்க்கலாம் என்று விட்டது பெருந்தவறு என்பதே என் கருத்து. மாவட்ட சபைகளின் அதிகாரங்கள் கூட இரு தலைவர்களும் பின்னர் இணங்கிக்கொள்ளும் விடயங்கள் என்றுதான் எழுதப்பட்டன. தேசிய நலன் கருதி அச்சபைகளுக்குப் பணிப்புரை வழங்கும் அதிகாரமோ அரசாங்கத்துக்குத் தெளிவாகவே எழுதிக் கொடுக்கப்பட்டது. 1968இல் அச்சபைகள் பற்றிய அரசாங்க யோசனைகளைக் கொண்ட வெள்ளை அறிக்கை வந்தது, சபைகள் வரவில்லை.

காணிப் பந்திக்கு வருகிறேன். வடக்குக் கிழக்கின் குடியேற்றத் திட்டங்களில் காணி கொடுக்கும் வரிசை இது: முதலில் அந்த மாவட்டத்தின் காணியற்றோர், அடுத்து வடக்குக் கிழக்கில் வசிக்கும் தமிழ் பேசுவோர், மூன்றாவதாக நாட்டின் ஏனைய பிரசைகள், அவர்களிலும் தமிழருக்கு முன்னுரிமை. 'தமிழ் பேசுவோர்' என்றதால் முஸ்லிம்களும் இரண்டாம் வரிசைக்குள் வருகிறார்கள். நல்ல சொல்.

சிக்கல் முதல் வரிசையில். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் அம்பாறையோடு போயிற்று. ஆகவே 1965 வாசகத்தின்படி பட்டிருப்பிலோ வாகரையிலோ உள்ள காணியற்ற விவசாயி கல்லோயாவில் இரண்டாம் வரிசைக்காரன். 1949க்குப் பிறகு வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் காணியற்ற பிள்ளைகளோ அம்பாறை மாவட்டத்தவர் என்ற கணக்கில் முதல் வரிசை. எத்தனை ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்று பந்தியில் இல்லை. இந்த வரிசையைச் சட்டத்தில் எழுதுவதாகவும் இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைத் திருத்துவது பிரசைகளுக்குக் காணி பெறும் உரித்து என்பதற்கு மட்டும். வரிசை வெறும் இணக்கம். காணி, நீர்ப்பாசன, மின்வலு அமைச்சு சி. பி. டி சில்வாவிடம் இருந்தது, திருச்செல்வத்திடம் அல்ல.

பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த 1957 பண்டா–செல்வா ஒப்பந்தத்தோடு இதை ஒப்பிட்டால் இறக்கம் தெரியும். அதில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரமே பிராந்திய சபைக்கு இருந்தது. 1965இல் எஞ்சியது வரிசை மட்டும், தெரிவு செய்வது கொழும்பு. ஆனால் 1957இலும் கல்லோயாத் திட்டத்தை நடத்திய கல்லோயாச் சபையின் நிர்வாகத்திலிருந்த பகுதியின் நிலை 'பரிசீலிக்கப்பட வேண்டியது' என்று தனியாக ஒதுக்கிவைக்கப்பட்டது. இரு ஒப்பந்தங்களிலும் கிழக்கின் மிகப் பெரிய காணிப் பிரச்சினை விளிம்பில்தான் நின்றது.

திருச்செல்வத்தின் விலகலைக் கட்டுரை மாவட்ட சபையோடு மட்டும் முடிச்சுப் போட்டதும் போதாது. திருகோணமலைக் கோட்டைக்குள் கோணேசர் கோயில் சுற்றாடலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் குழு அமைத்தார். பிக்கு ஒருவரின் ஆட்சேபனையின் பேரில் பிரதமர் டட்லி அதை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி துறந்தார். தன் அமைச்சின் எல்லைக்குள் எடுத்த ஒரு முடிவையே காக்க முடியாத அமைச்சர், வேறொருவர் கையிலிருந்த காணி அமைச்சை எப்படி அசைத்திருப்பார்?

அடுத்த முறை ஒப்பந்த வாசகத்தை வெளியிடும்போது நாலாவது பந்தியை முழுமையாகவும், பக்கத்தில் 1957இன் கல்லோயா வாக்கியத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.