போய் உட்கார்ந்து கேள், மகளே

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அலுவலகத் தோழியின் அத்தை அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், காணாமல் ஆக்கப்பட்ட தன் அண்ணனைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசப்போகிறார், தோழி உன்னையும் கூப்பிடுகிறாள், நீ தயங்குகிறாய். "அது அவர்கள் வீட்டுத் துக்கம் அப்பா, அசலூர்க்காரி நான் போய் உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்க வந்ததுபோல ஆகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறாய். இந்தத் தயக்கம் உனக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

துக்க வீட்டுக்குப் போவது வேறு, இது வேறு. அந்த அம்மாள் அங்கே சாட்சி சொல்லப் போகிறார். சாட்சி சொல்கிறவருக்குக் கேட்க ஆள் வேண்டும். கேட்பவர் எந்த ஊர் என்று அவர் பார்க்கமாட்டார்.

அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது 1976 மார்ச் 24. விடேலா, மஸ்ஸேரா, அகோஸ்தி என்று முப்படைத் தளபதிகள் மூவர். 1983 டிசம்பர் 10 அன்று அல்ஃபோன்சின் அதிபராகப் பதவியேற்ற பிறகுதான் ஜனநாயகம் திரும்பியது. இதெல்லாம் நீ அங்கே போன புதிதிலேயே தெரிந்துகொண்டிருப்பாய். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய எனக்கு அங்கே தனியாகப் படுவது ஒன்று உண்டு. ஆளைக் கொன்றதோடு அவர்கள் நிறுத்தவில்லை, அந்த ஆளின் தடத்தையே அழிக்கப் பார்த்தார்கள். இரவில் நம்பர் பிளேட் இல்லாத ஃபோர்டு ஃபால்கன் கார் வந்து நிற்கும். வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்கள். ராணுவ முகாமிலும் அதே பதில். கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டால் தள்ளுபடி. கைது செய்ததற்குக் காகிதம் கிடையாது, வழக்கு கிடையாது, உடல் கிடையாது. 1979-இல் பத்திரிகையாளர் ஒருவர் கேட்டபோது விடேலாவே சொன்னார், காணாமல் போனவர் உயிரோடும் இல்லை, சாகவும் இல்லை, காணாமல் போய்விட்டார், அவ்வளவுதான் என்று.

நீ இருக்கும் புவெனஸ் ஐரிஸிலேயே அன்று கடற்படைப் பயிற்சிப் பள்ளியாக இருந்த எஸ்மா இருக்கிறது. சுமார் 5,000 பேரை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். பலரை மயக்க ஊசி போட்டு விமானத்தில் ஏற்றி, உயிரோடு ஆற்றிலும் கடலிலும் எறிந்தார்கள். 1995-இல் ஷிலிங்கோ என்ற கடற்படை அதிகாரியே வாய் திறந்து அதை ஒப்புக்கொண்டார்.

இப்போது யோசித்துப் பார். காகிதம் இல்லை, உடல் இல்லை, சமாதி இல்லை. அப்படி ஒருவன் இருந்தான், அவனை இன்ன இரவில் இன்ன வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அவன் அம்மா. அவன் தங்கை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த ஒரு பெண். வேறு நாட்டு வரலாற்றை எழுத ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். இங்கே குடும்பங்களின் வாயிலிருந்துதான் முதல் ஆவணமே உண்டானது. அல்ஃபோன்சின் அமைத்த விசாரணைக் குழு எழுத்தாளர் எர்னெஸ்டோ சபாட்டோ தலைமையில் 1984-இல் அறிக்கை கொடுத்தபோது, 8,961 பேர் காணாமல் போனதையும் சுமார் 340 ரகசியச் சிறைகளையும் பதிவு செய்தது. தப்பி வந்தவர்களும் சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சொன்னதை வைத்துத் தொகுத்த கணக்கு அது. சொல்லப் பயந்தவர்கள் எத்தனை பேர், சொல்வதற்கு ஆளே மிஞ்சாத வீடுகள் எத்தனை என்பது அதில் வராது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு இன்றைய அதிபர் மிலேய், 2023 தேர்தல் விவாத மேடையிலேயே, 30,000 இல்லை, 8,753 தான் என்றார். சரியான எண் வேண்டுமென்றால் கொன்றவர்கள்தான் தங்கள் கணக்கைக் காட்ட வேண்டும். காட்டாதவர்களை விட்டுவிட்டுத் தேடுகிறவர்களிடம் கணக்குக் கேட்பது எந்த நியாயம்? எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

காணாமல் போன பிள்ளைகளைத் தேடி பிளாசா டெ மாயோ சதுக்கத்தில் கூடிய அன்னையர் பற்றி உனக்குத் தெரியும். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் முதன்முதலாக அங்கே கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி என்று இரண்டிரண்டு பேராக நடக்க ஆரம்பித்தார்கள், இன்றும் வியாழக்கிழமை 3.30 மணிக்கு அந்த நடை இருக்கிறது. அவர்களை ஒன்றுசேர்த்தவர் அசுசேனா வில்லாஃப்ளோர். தம்பியைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் அவர்களோடு வந்து பழகினான். அவன் ஆஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரி. 1977 டிசம்பர் 8 அன்று சாந்தா குரூஸ் தேவாலயத்தில் எஸ்தர் பலஸ்திரினோ, மரியா போன்சே என்ற இரண்டு அன்னையரையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து, காணாமல் போனவர்களின் பெயர்களைக் காசு கொடுத்து ஒரு நாளிதழில் விளம்பரமாக வெளியிட்ட அன்றைக்கே, அசுசேனாவையும் கொண்டுபோனார்கள். கடற்கரையில் ஒதுங்கிய உடல்களைப் பெயர் தெரியாதவர்கள் என்று ஒரு சிற்றூர்க் கல்லறையில் புதைத்தார்கள். தடயவியல் மானுடவியலாளர்கள் எலும்பை வைத்து அடையாளம் கண்டது 2005-இல். அசுசேனாவின் அஸ்தி இப்போது அதே சதுக்கத்தில் இருக்கிறது. ஆஸ்டிஸுக்கு 2011-இல் ஆயுள் தண்டனை.

கோர்ட்டில்தான் தீர்ப்பு வந்துவிட்டதே, இன்னும் ஏன் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றலாம். கோர்ட்டு வாசல் எத்தனை முறை திறந்து எத்தனை முறை மூடியது என்று பார். 1985-இல் தளபதிகள் மீதான வழக்கில் 800-க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள், விடேலாவுக்கும் மஸ்ஸேராவுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் இரண்டு சட்டங்கள் போட்டு மற்ற அதிகாரிகள் மீதான வழக்குகளை நிறுத்தினார்கள். 1990-இல் அதிபர் மெனெம் தளபதிகளையும் மன்னித்து வெளியே விட்டார். அந்தச் சட்டங்களை நாடாளுமன்றம் ரத்து செய்தது 2003-இல், உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2005-இல். இடையில் இத்தனை வருடம், மகனைக் கொன்றவனைத் தெருவில் எதிர்ப்படக்கூடும் என்ற நிலையில் அந்தக் குடும்பங்கள் வாழ்ந்தன. அரசு மாறினால் சட்டம் மாறும். பதினாறு வயதில் ஒரு பிள்ளை நேரில் கேட்டதை எந்த அரசும் ரத்து செய்ய முடியாது.

வேரா யாராக் என்ற அன்னையைப் பற்றிப் படித்திருக்கிறேன். இத்தாலியில் பிறந்த யூதப் பெண். 1938-இல் முசோலினி இனச் சட்டம் கொண்டுவந்ததும், குடும்பம் அர்ஜென்டினாவுக்குத் தப்பி வந்தது. தாத்தா மட்டும் மிலானிலேயே தங்கிவிட்டார், அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொன்றார்கள். தப்பிப் பிழைத்த நாட்டிலேயே 1976 ஜூனில் வேராவின் ஒரே மகள் ஃபிராங்காவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு 18 வயது. எஸ்மாவில் இருந்து மீண்ட ஒரு பெண் சொல்லித்தான், பல வருடம் கழித்து, மகளுக்கு என்ன ஆனது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்தது. தாத்தாவுக்கும் கல்லறை இல்லை, மகளுக்கும் இல்லை. அந்த அம்மாள் அர்ஜென்டினாவிலும் இத்தாலியிலும் வருடக்கணக்காக மாணவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். எண்பது வயதைத் தாண்டியும் பேசினார்.

டாட்டி அல்மெய்தா இன்னொருவர். ராணுவக் குடும்பத்தில் பிறந்தவர், ஆசிரியப் பயிற்சி பெற்றவர். மருத்துவம் படித்த மகன் அலெஹாந்திரோவை 1975 ஜூனில், ராணுவம் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, வலதுசாரிக் கொலைக் கும்பல்கள் திரிந்த காலத்தில் கொண்டுபோனார்கள். மகன் கவிதை எழுதுவான் என்பதே அவன் போன பிறகு அவன் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. நீ அந்த வகுப்பறையில் காது கொடுக்க வேண்டிய இடம் இதுதான். எப்படிச் சித்திரவதை செய்தார்கள் என்பது விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அவன் என்ன பாட்டுக் கேட்பான், எந்தப் பந்தாட்டக் குழுவுக்காகத் தொண்டை கிழியக் கத்துவான், தங்கையோடு எதற்குச் சண்டை போடுவான் என்பது தங்கைக்கு மட்டும்தான் தெரியும். கொன்றவர்கள் அழிக்க நினைத்தது அதைத்தான்.

ஒரு சங்கடமான விஷயமும் இருக்கிறது. "ஒன்றும் செய்யாமலா பிடித்துக்கொண்டு போவார்கள்?" என்று அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து, எங்கள் பிள்ளைக்கு அரசியலே தெரியாது என்று பல குடும்பங்கள் வெகுகாலம் சொல்லி வந்தன. லா பிளாட்டாவில் 1976 செப்டம்பர் 16 இரவையொட்டிப் பள்ளி மாணவர்கள் பலரைத் தூக்கினார்கள், அவர்களில் ஆறு பேர் திரும்பவில்லை. பஸ் கட்டணச் சலுகை கேட்டதற்காகக் கொல்லப்பட்ட பிள்ளைகள் என்றே அந்தக் கதை நாடு முழுக்கப் பரவியது. உயிரோடு வந்தவர்களில் ஒருவரான எமில்சே மோலெர் அதை மறுத்துப் பேசினார். நாங்கள் அரசியல் உணர்வோடு மாணவர் அமைப்பில் இயங்கியவர்கள், அதை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள் என்பது அவர் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அப்பாவியாக இருந்தால்தான் கொல்லக்கூடாது என்று வகுப்பில் யாரும் கற்றுக்கொண்டு போய்விடக்கூடாது. உன் தோழியின் அத்தை தன் அண்ணனின் கொள்கையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினால், அந்தப் பேச்சுக்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இது அந்நியக் கதை இல்லை. சிறையில் பிறந்த, பெற்றோரோடு பிடிபட்ட குழந்தைகள் சுமார் 500 பேரை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று, அந்தப் பேரக்குழந்தைகளைத் தேடும் பாட்டிமார் அமைப்பு சொல்கிறது. தாயும் தகப்பனும் இல்லாத நிலையில், பாட்டியின் ரத்தத்தை வைத்துப் பேரனைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று இந்தப் பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1987-இல் அமைந்த தேசிய மரபணு வங்கி. 2025 ஜூலைக்குள் 140 பேர் கிடைத்துவிட்டார்கள். அமைப்பின் தலைவர் எஸ்டெலா டெ கார்லோட்டோ ஒரு பள்ளி ஆசிரியை. மகள் லௌராவை 1978-இல் கொன்றார்கள், அவள் பெற்ற பையனைப் பாட்டி கண்டுபிடித்தது 2014-இல். இன்னும் கிடைக்காதவர்களுக்கு இன்று ஐம்பதை ஒட்டிய வயது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், அந்தப் பிள்ளைகள் ஏதோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள் அல்லது படித்து முடித்திருப்பார்கள். பாட்டிமார் இப்போது கொள்ளுப்பேரன் பேத்திகளையும் சேர்த்தே தேடுகிறார்கள். எந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பேசுகிறவருக்கும் தெரியாது, கேட்கிற பிள்ளைக்கும் தெரியாது.

2002-இலிருந்து புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தில் 'இளைஞரும் நினைவும்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. நடத்துவது மாகாண நினைவு ஆணையம். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊரில் நடந்த ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்து, அக்கம்பக்கத்தாரையும் குடும்பத்தாரையும் பேட்டி எடுத்து, குறும்படமாகவோ நாடகமாகவோ சுவரோவியமாகவோ செய்கிறார்கள். வருடக் கடைசியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள். ஓர் ஆசிரியராக எனக்கு இதில் பொறாமையே உண்டு. சாட்சியைக் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போவதோடு முடியாமல், கேட்ட பிள்ளை தானே தெருவில் இறங்கி விசாரிக்கிறது.

முதல் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அன்னையரில் ஹெபே டெ பொனாஃபினி 2022-இல் போனார், நோரா கோர்த்திஞாஸ் 2024-இல், 94 வயதில். இனி தம்பி தங்கைகள், மகன் மகள்கள்தான். ஒளிப்பதிவுகள் காப்பகங்களில் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் பதிவிடம் பிள்ளைகள் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. உன் தோழியின் அத்தைக்கு இப்போது என்ன வயதிருக்கும்? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே.

போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செல்பேசியைப் பைக்குள் வை. பதிவு செய்ய ஆசையாக இருந்தால் அவரிடம் முன்கூட்டியே கேள், வேண்டாம் என்றால் விட்டுவிடு. ஸ்பானிஷ் பாதிதான் புரியும் என்கிறாய், பரவாயில்லை, புரியாததைத் திரும்பும் வழியில் தோழியிடம் கேட்டுக்கொள். பெரியப்பாவைப் பற்றி அவளும் வாய்விட்டுப் பேச அது ஒரு வாய்ப்பாக இருக்கும். பேச்சு முடிந்ததும் "எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே. அண்ணனைப் பற்றி ஏதாவது கேள். முடிந்தால் அதற்கு முன்பே ஒரு நாள் ஆற்றங்கரையில் இருக்கும் நினைவுப் பூங்காவுக்குப் போய் வா. அங்கே சுவரில் ஒவ்வொரு பெயரோடும் வயதும் இருக்கும், கர்ப்பிணியாக இருந்தவர்களுக்கு அதையும் குறித்திருப்பார்கள். அத்தையின் அண்ணன் பெயரும் அங்கே இருக்கிறதா என்று தேடு.

எனக்கு எழுதும்போது அந்த அம்மாள் சொன்னதை உன்னால் முடிந்தவரை எழுது. அப்புறம், அந்தப் பிள்ளைகள் என்னென்ன கேட்டார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுது. யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் அதையும் எழுது.

அன்புடன்,
அப்பா