வசாவிளான் காணிக்கு இப்போது யூரியா வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. வசாவிளான் காணியை மெசின் பிடித்துச் சமப்படுத்தி, யூரியாவும் ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையும் தாராளமாகப் போட்டு, இந்த மாரி முடிந்த கையோடு வெங்காயம் நடுவிக்கலாம், அதற்குரிய காசை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். உன்னுடைய விருப்பம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மண் இன்றிருக்கும் நிலையில் பசளை போடுவது காசையும் தண்ணீரையும் ஒருங்கே பாழாக்கும் வேலை என்பதால், என் மறுப்பைக் காரணத்தோடு எழுதுகிறேன்.

இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேலாக நாங்கள் கால்வைக்க முடியாதிருந்த அந்தக் காணியில் மேல்மண் வழித்தெடுக்கப்பட்டிருக்கிறது. சில இடங்களில் கணுக்கால் ஆழத்துக்கும் குறைவாகவே மண் இருக்கிறது. அதுவும் சுண்ணாம்புக்கல் துண்டுகள் கலந்த, வெளிறிய அடிமண். சென்ற மாரி தொடங்கியபோது பழைய பருத்தி வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டை உரும்பிராய்த் தோட்டத்திலும் மற்றதை வசாவிளானிலும் ஒரே ஆழத்தில் புதைத்தேன். தைப்பொங்கல் கழிந்து தோண்டியபோது உரும்பிராயில் வேட்டிக் கரையும், பிடித்தால் பிய்ந்துபோகும் சில நூல்களுமே மிஞ்சியிருந்தன. வசாவிளான் துணியோ மண்கறை படிந்திருந்ததே தவிர, உதறி மடித்து வைக்கலாம் போலிருந்தது. பருத்தி என்பது ஏறத்தாழ முழுவதும் செலுலோசு. அதை வெல்லமாக உடைக்கும் நொதியங்கள் (என்சைம்கள்) ஒரு மண்ணில் நிறைய இருக்கின்றன, மற்றதில் மிகக் குறைவு என்பதைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மண்ணில் விழும் இலையையும் வேரையும் சாணத்தையும் பயிர் நேரடியாக உறிஞ்ச முடியாது. பற்றீரியாக்களும் பங்கசுகளும் வேர்களும் வெளிவிடும் நொதியங்கள் அவற்றைப் படிப்படியாக உடைத்து, நைதரசனையும் பொசுபரசையும் கந்தகத்தையும் வேர் எடுக்கக்கூடிய வடிவுக்குக் கொண்டுவருகின்றன. இந்த நொதியங்களில் ஒரு பங்கு, அவற்றைச் சுரந்த உயிர் இறந்த பின்னும் களித்துணிக்கைகளிலும், இலைகுழை உக்கிச் சேர்ந்த உக்கலிலும் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் தொழிற்படும். உரும்பிராய்ச் செம்மண்ணில் உன் பூட்டனார் காலத்திலிருந்து குழை தாழ்த்தும் எருப் போட்டும் சேர்ந்திருப்பது இதுதான். மேல்மண் போனால் இந்தச் சேமிப்பும் கூடப் போய்விடும். சாதாரண மண் பரிசோதனை அறிக்கையில் நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம், காரத்தன்மை ஆகியவற்றின் அளவுகள் இருக்கும். இந்த இழப்பு அதில் தெரியாது.

யூரியாவை எடுத்துக்கொள். அதன் நிறையில் 46 வீதம் நைதரசன் என்றாலும், யூரியேசு என்னும் நொதியம் அதை அமோனியாவாக உடைத்த பின்னரே பயிர் அதிற் பெரும்பங்கைப் பயன்படுத்த முடியும். (நொதியங்களுள் முதன்முதலில் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டதே இந்த யூரியேசுதான். 1926 இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்து விதை ஒன்றிலிருந்து அதைப் பிரித்து, நொதியம் ஒரு புரதம் என்று காட்டினார். 1946 இல் நோபல் பரிசும் பெற்றார். பதினேழு வயதில் ஒரு கையை இழந்தவர் அவர். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.) யூரியேசு குறைந்த வசாவிளான் மண்ணில் மழை வந்தால் யூரியா உடைபடாமலே கரைந்து கீழே போகும். உடைபடும் கொஞ்சமும், சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் அமோனியாவைப் பிடித்துவைக்க உக்கல் இல்லாததால், வெயிலில் ஆவியாகிவிடும்.

உரும்பிராயில் இதற்கு நேர்மாறான சிக்கல் இருக்கிறது. அங்கே யூரியா விரைவாக உடைந்து, பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்றைக் களி பிடித்துவைக்காது; தேவைக்கு மிஞ்சிப் போட்டதெல்லாம் நீரோடு இறங்கி, வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக் கற்பாறை வழியே கிணற்றுக்குப் போய்ச் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டங்களுக்கு நடுவேயுள்ள கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பது அளந்து அறியப்பட்ட விடயம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அந்த நீர் ஆபத்தானது. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, மழைநீர் தங்கும் இந்தக் கல்லே எல்லாம் என்பதை நீ அங்கிருந்து மறந்துவிடக்கூடாது.

பொசுபரசின் கதை இன்னும் கடினமானது. ரி.எஸ்.பி. எங்கள் மண்ணில் விழுந்ததும் அதிற் பெரும்பகுதி கல்சியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. உக்கலிலுள்ள பொசுபரசை விடுவிப்பதற்கோ பொசுபற்றேசு நொதியம் வேண்டும். பத்தாயத்தில் நெல் இருக்க, திறப்புத் தொலைந்த வீட்டின் நிலைதான். கார மண்ணில் நன்றாகத் தொழிற்படும் வகைப் பொசுபற்றேசைப் பயிர்வேர் சுரப்பதில்லை. அதை நுண்ணங்கிகளே சுரக்கின்றன. கரையும் பொசுபரசை அளவுக்கு மீறிக் கொட்டினால் அவையும் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே நீ சொல்வதுபோலத் தாராளமாகப் போடுவது, வசாவிளானில் இனி உருவாக வேண்டிய நொதியத்தை முளையிலேயே தடுப்பதாக முடியும்.

நான் யூரியாவுக்கு எதிரி என்று எண்ணாதே. 2021 இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, விவசாயிகள் எதிர்த்த பின் அந்த ஆண்டு முடிய முன்னரே தளர்த்தியபோது எங்கள் தோட்டக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும். பசளைப் பையை நிறுத்தினால் மறுபோகமே மண் தானாகக் கொடுக்கும் என்று நினைத்தது பெரும் பிழை. நொதியமும் நுண்ணங்கியும் மீள உருவாக வருடங்கள் வேண்டும். அவற்றுக்கு முதலில் காபன் வேண்டும்.

ஆகையால் ஐப்பசி மழையோடு சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவிப்போம். அடுத்து வரும் கோடையில் மாட்டுப்பட்டி அடைக்க ஆள் பேசியிருக்கிறேன். சாணமும் சலமும் மண்ணில் நேரே சேரும். பனையோலையை எருவோடு சேர்த்தே தாழ்க்க வேண்டும். தனியே தாழ்த்தால் அதை உக்கவைக்கும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனையும் தமக்கென எடுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போடும். நிலத்தை ஒருபோதும் வெறுமையாக வெயிலில் விடக்கூடாது. மூன்றாம் மாரி கழிந்து, மறுபடி துணி புதைத்துப் பார்த்து, அது உக்கினால் வெங்காயம் நடுவோம். அப்போது யூரியாவைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடலாம்.

குத்தகைக்குக் கேட்டவரிடம் இப்போதைக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன். நீ அனுப்பும் காசில் சணல் விதைக்கும் உழவு கூலிக்கும் போக மிச்சத்தை வேலிக்கு வைத்துக்கொள்கிறேன். முள்ளுக்கம்பியோடு கிளிசிரிடியா, பூவரசுக் கதியால்களை நெருக்கமாக நட்டால், குழைக்கு இனி வெளியே அலைய வேண்டியதில்லை. கதியால் மழைக்கு முன் வெட்டுவிக்க வேண்டும். புரட்டாதி நடுவுக்குள் உன் சம்மதத்தை எழுது.

அன்புடன்,
அம்மா