பால் எடுக்க ஓர் அறை: சுங்கை சிப்புட் வட்டாரத் தொழிற்சாலை நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு, வணக்கம்.

ஐந்து மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தோட்டத்து முச்சந்தியில் கம்பெனி பஸ் ஏறும் தொழிலாளி நான். என் கைப்பையோடு இன்னொரு பையும் வரும். அதில் தாய்ப்பால் எடுக்கும் பம்ப், நான்கு போத்தல்கள், உறைந்த ஐஸ் கட்டிகள் இரண்டு இருக்கும். அந்தப் பையைத் திறக்க உங்கள் வளாகங்களில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2023 ஜனவரி முதல் நம் மலேசியாவில் மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அதை மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் 98 நாள் என்பது பதினான்கு வாரம். முதல் ஆறு மாதத்திற்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியும் (தாதி) அதையேதான் சொல்லி அனுப்புகிறார். மிச்சமுள்ள ஏறக்குறைய பன்னிரண்டு வாரத்தை வேலைக்குப் போகும் தாய் பம்ப்பைக் கொண்டுதான் கடக்க வேண்டியிருக்கிறது.

சென்ற இரண்டு மாதமாக நான் பால் எடுப்பது கழிப்பறையில். கதவில் முதுகைச் சாய்த்து, போத்தலின் மூடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் கவ்விக்கொண்டு, வெளியே யாராவது தட்டுவார்களோ என்ற பயத்தோடு நிற்கிறேன். பயத்தில் பால் இறங்காது என்பது தாய்மார்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் பதினைந்து நிமிடத்தில் நிறையும் போத்தல் இங்கே அரைமணி நேரமானாலும் பாதிதான் நிறைகிறது. எடுக்காமல் விட்டுவிடவும் முடியாது. மூன்று, நான்கு மணி நேரம் தாண்டினால் மார்பு கல்லாகக் கனத்துப் பால் கட்டிக்கொள்ளும். சிலருக்குக் காய்ச்சலே வந்துவிடும். எடுக்க எடுக்கத்தான் ஊறும் என்பதால், நேரம் தவறிக்கொண்டே போனால் சுரப்பும் குறைந்துவிடும்.

இது தோட்டத்துக்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மரத்தில் கட்டிய மங்கில், அந்தச் சிறு கிண்ணத்தில், இறங்கிய பாலை நேரத்தோடு எடுக்காவிட்டால் கட்டிப்பாலாகி விலை குறைந்துவிடும் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணியார் நேரம் பார்த்து விரட்டுவாராம். மரத்துப் பாலுக்கு நேரம் உண்டென்று அன்றைய நிர்வாகம் அறிந்திருந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் அருகிலேயே இருந்தது. இடையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். தோட்டத்து வாழ்க்கையை நான் உயர்த்திப் பேசவில்லை, அதன் கஷ்டம் எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். ஆனால் இந்த ஒன்றில் என் பாட்டிக்கு இருந்த வசதி எனக்கு இல்லை.

பால் எடுக்கும் கருவிகளுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை 1,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் எங்களுக்கு வரியே கிடையாது என்பதால் விலக்கினால் பயனும் கிடையாது. குழந்தைக்குப் பால் கொடுக்க இடைவேளையோ வேலை நேரக் குறைப்போ தர வேண்டும் என்கிற அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை 2000ஆம் ஆண்டில் வந்தது. மலேசியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களிடம் கேட்க எனக்கு வழியில்லை, நேரடியாகவே கேட்கிறேன்.

உள்ளிருந்து தாழிடக்கூடிய சிறிய அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக், கை கழுவ அருகில் ஒரு குழாய் இருந்தால் போதும். எட்டு மணி நேர ஷிப்டில் இரண்டு முறை, முறைக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும். பிறகு குளிர்பெட்டியில் ஒரு தட்டு. எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதையும் நம்ப முடியாது. குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். சாப்பாட்டறைக் குளிர்பெட்டியில் சம்பல் டப்பாவுக்குப் பின்னால் நான் வைத்த போத்தலை, என்னவோ ஏதோவென்று யாரோ வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். மாலையில் தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவையும் தொட்டியில் ஊற்றினேன்.

அறியாமை உங்கள் பக்கம் மட்டும் என்று சொல்லமாட்டேன். குளிரில் வைத்த தாய்ப்பாலில் கொழுப்பு பிரிந்து மேலே ஆடைபோல் நிற்கும். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அது தெரியாத என் மாமியார், பால் திரிந்துவிட்டதென்று முதல் வாரம் இரண்டு போத்தலைக் கொட்டிவிட்டார். இப்போது அவரே வெந்நீர்க் கிண்ணத்தில் போத்தலை வைத்துச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கிறார். ஒருமுறை எடுத்துச் சொன்னதும் புரிந்துகொண்டார்.

எங்கள் பிரிவில் இன்னொரு பெண் அடுத்த மாதம் விடுமுறை முடிந்து திரும்புகிறார். பொட்டலப் பகுதிக்குப் பின்னால் பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் அறை ஒன்று சும்மா கிடக்கிறது. பிளக் இருக்கிறது, தாழ்ப்பாள்தான் இல்லை. அவர் வருவதற்குள் அதைப் போட்டுத் தர முடியுமா என்பதை அறிவிப்புப் பலகையில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காலை ஷிப்ட் தொழிலாளி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்