நீங்க கேட்ட கேள்விக்குப் பதில், அப்பா

ஓபன், ஸ்காட்லாந்து
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதம் வந்து இன்னையோட பதினாறு நாள் ஆகுது. எழுத்து குட்டியோடது, வார்த்தை உங்களோடது, அது படிச்சதுமே தெரிஞ்சுடுச்சு. நடுவுல ஒரு வரிய அடிச்சிருக்கீங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன், "மருந்து" மட்டும்தான் தெரியுது. யாருக்கு மருந்துன்னு அடுத்த கடிதத்துல அடிக்காம எழுதுங்க.

பதில் தாமதமானதுக்கு இந்தக் கடல் படிப்போட பரீட்சைதான் காரணம்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேன். அது பாதிதான் நிஜம். தினம் ராத்திரி உக்காருவேன், "நான் நலம்"னு எழுதுவேன், அதுக்கு மேல பேனா நகராது. போன்ல நீங்க "சாப்பிட்டியா, சரி வை"ன்னு முடிச்சிடுவீங்க. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. கடிதத்துல அப்படி முடிக்க முடியலையே.

அம்மா கேட்டதுக்கெல்லாம் முதல்ல சொல்லிடறேன். குளிர் இருக்கு, ஆனா பயப்படுற மாதிரி இல்லை. பனி கொட்டுறதை விட மழைதான் அதிகம், அதுவும் மேலேருந்து விழாது, பக்கவாட்டுல அடிக்கும். டிசம்பர்ல சாயங்காலம் 4 மணிக்கு முன்னாடியே இருட்டிடும். இப்போ கொஞ்சம் தேவலை. கோட்டு வாங்கிட்டேன். எனக்கு முன்னாடி யாரோ நல்லாப் போட்டுப் பழக்கி வச்ச கோட்டு, அதனால தோள் உறுத்தலை. ரூம்ல ஹீட்டர் இருக்கு. ராத்திரி போட்டா தொண்டை வறண்டு போகுதுன்னு நான்தான் போடுறதில்லை. லைப்ரரி எப்பவும் சூடா இருக்கும், பெரும்பாலும் அங்கதான் படிக்கிறேன். வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேலை பார்க்க மாணவர் விசாவுல அனுமதி உண்டு. ஒரு ஹோட்டல் சமையலறையில உதவிக்குப் போறேன். நாள் முழுக்க கை வெந்நீர்லதான் இருக்கும், அங்க குளிரே தெரியாது. பொழுதும் போகுது.

பக்கத்து வீட்டுத் தாத்தா எப்படி இருக்கார்னு குட்டி கேட்டிருந்தா. அப்படியேதான் இருக்கார். காலையில எழுந்ததும் சுவத்துல மாட்டியிருக்கிற பாரமானியை விரலால ரெண்டு தட்டு தட்டுவார். முள் இறங்கினா மழைக்கு அறிகுறி, வாசலுக்கு வந்து என் ஜன்னலைப் பார்த்து "குடை பிரயோசனப்படாது"ன்னு கத்துவார். முள் ஏறினாலும் அதேதான் கத்துவார், ஏன்னா இங்க காத்துல குடை நிக்காது. தோட்டத்துல மரப்படகு ஒண்ணு கட்டைமேல ஏத்தி வச்சிருக்கார்னு சொன்னேன்ல, அதுக்கு இந்த வருஷமும் பெயின்ட் அடிச்சு முடிச்சாச்சு. ஏன் தாத்தா கடல்ல இறக்கலைன்னு கேட்டேன். "இறக்கினா அழுக்காயிடும்"னார். சாயங்காலம் டீக்கோப்பையோட அதுக்குள்ள ஏறி உக்காந்துக்குவார், நாயும் ஏறிக்கும். ரெண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். "நீரோட்டத்தைப் பத்திப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா? உன் பெரியப்பாகிட்ட கேட்டா சொல்ல மாட்டானா?"ன்னு எழுதியிருக்கீங்க. குட்டி அதுக்குக் கீழ சின்னதா ஒரு சிரிப்புப் படம் போட்டிருக்கா. நீங்க சிரிக்கலைன்னு எனக்குத் தெரியும்.

சொல்லுவார்ப்பா. பெரியப்பா சொல்லுவார். அதுதான் எனக்கு இங்க வந்த பிறகு தெரிஞ்சது.

முதல் வருஷம் கடலே இல்லை. வேதியியல், இயற்பியல், கணக்கு, உயிரியல், அதோட புள்ளியியல். கம்ப்யூட்டர்ல புள்ளியியல் கணக்குப் போட ஆர்-னு (R) ஒரு நிரல்மொழி இருக்கு, ஒரு காற்புள்ளி தப்பினா ராத்திரி பூரா முறைச்சுக்கிட்டே நிக்கும். கடல் படிப்புன்னா திமிங்கலத்தோட நீந்துறதுன்னு நினைச்சு வந்த பிள்ளைங்களுக்கு அப்பவே முகம் சுருங்கிப் போச்சு. நான் அப்படி நினைச்சு வரலை. ஆனா இவ்வளவு கணக்கு இருக்கும்னும் நினைக்கலை.

ஒரு நாள் வகுப்புல பழைய காலத்துல ஆழம் எப்படிப் பார்த்தாங்கன்னு பாடம். 1872 டிசம்பர்ல இங்கிலாந்துலேருந்து சேலஞ்சர்னு ஒரு கப்பல் கிளம்பி, உலகத்தைச் சுத்திட்டு 1876 மே மாசம்தான் திரும்புச்சு. கடலடியைப் பத்தி இன்னைக்கு நாங்க படிக்கிற பலதுக்கும் அந்தப் பயணம்தான் ஆரம்பம். 1875 மார்ச்ல மேற்குப் பசிபிக்ல கயிறை விட்டா, போய்க்கிட்டே இருந்திருக்கு. 4,475 ஃபாதம். ஃபாதம்னா என்னன்னு கேட்டுட்டு, ஆசிரியை எங்க முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சு நின்னாங்க. இந்த விரல் நுனியிலேருந்து அந்த விரல் நுனி வரைக்கும், 6 அடி.

எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சுப்பா. அது நம்ம ஊர்ல கயிறு அளக்குற பாகம். நம்ம தாத்தா திண்ணையில நின்னு, மார்போட கயிறை இழுத்து இழுத்து, "ஒண்ணு... ரெண்டு..."ன்னு அளப்பாரே, அதே பாகம். 4,475 பாகம்னா 8 கிலோமீட்டருக்கு மேல. தாத்தா இருந்திருந்தா "அவ்வளவு கயிறுக்கு யாருடா காசு கொடுத்தா?"ன்னு கேட்டிருப்பார். ஈயக்குண்டோட அடியில குழி வச்சு, அதுல கொழுப்பைத் தடவி இறக்குவாங்களாம், தரையில என்ன இருக்கோ அது ஒட்டிக்கிட்டு வரும். சேறா, மணலா, சிப்பியான்னு பார்க்க. வகுப்புல எல்லாரும் அதை எழுதிக்கிட்டாங்க. நான் எழுதலை, சும்மா உக்காந்திருந்தேன்.

பெரியப்பா நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு வலைக்கயிறைப் பிடிச்சே சொல்லிடுவார். இங்க ஒரு இரும்புக் கூண்டை இறக்குறோம். அதுல வெப்பம், உப்பு, ஆழம் மூணையும் அளக்குற கருவி இருக்கு. சுத்தி உருளை மாதிரி பாட்டில்கள், ரெண்டு பக்கமும் திறந்தே இறங்கும், வேணும்ங்கிற ஆழத்துல மூடிக்கும், அந்த ஆழத்துத் தண்ணி மட்டும் மேல வரும். நல்ல கடல் தண்ணியில கிலோவுக்கு 35 கிராம் உப்பு. இங்க மேல்தண்ணியில அதை விடக் குறைவு, மலையிலேருந்து மழைத்தண்ணி வந்து மேலயே மிதக்கும். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சதும் இந்தக் கருவிக்குத் தெரிஞ்சதும் வேற வேற இல்லை. ஆனா பெரியப்பாவுக்குத் தெரிஞ்சது பெரியப்பாவோட போயிடும். இது எழுதி வச்சிருக்கும். நான் இவ்வளவு தூரம் வந்தது அந்த எழுதி வைக்கிறதைக் கத்துக்கத்தான்.

இன்னொண்ணு சொல்றேன், மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. முதல் தடவை படகுல கூட்டிட்டுப் போனாங்கல்ல, அன்னைக்கு நான் வாந்தி எடுத்தேன். மீன்பிடிக்கிற வீட்டுப் பொண்ணுன்னு கரையிலேயே பெருமையா சொல்லிட்டு ஏறினேன், அரை மணி நேரத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன். அப்போதான் உறைச்சுது: கடலைப் பார்த்தே வளர்ந்தேனே தவிர, உங்க படகுல ஒரு தடவை கூட நான் வெளிய வந்ததில்லை. பொம்பளைப் பிள்ளைன்னு கூட்டிட்டுப் போகலை. கோவமா சொல்லலை. அன்னைக்கு வாயைக் கழுவிட்டு நிமிர்ந்தப்போ, கடலடிச் சேத்தை அள்ளிட்டு வந்து தட்டுல கொட்டினாங்க. மேல பழுப்பு, கீழ கருப்பு, அழுகின முட்டை நாத்தம். எல்லாரும் மூக்கைப் பிடிச்சாங்க. நான் ஒரு துளி எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பார்த்தேன், தாத்தா செய்யுற மாதிரி. நரநரன்னு இல்லை, வழுவழுன்னு இருந்துச்சு. ஆசிரியை, "சரியா செய்யுறே, யார் சொல்லிக் கொடுத்தது?"ன்னாங்க. கை விறைச்சுப் போயிருந்துச்சு, பதில் சொல்ல வாய் வரலை.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம் யாரும் இல்லைன்னு பார்த்துட்டு, வேலியைத் தாண்டி அந்தப் படகுல ஏறி உக்காந்தேன். எதுக்குன்னு தெரியலை. பலகையில கன்னத்தை வச்சுப் பார்த்தேன். வெறும் பெயின்ட் வாசம். மீன் இல்லை, டீசல் இல்லை, ஈர வலை இல்லை, உங்க பீடி இல்லை. இருட்டுற வரைக்கும் அப்படியே இருந்தேன். அப்புறம் அவரோட நாய் எங்கேருந்தோ வந்து பக்கத்துல ஏறிப் படுத்துக்கிச்சு, அதையும் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டுப் போயிருக்கார் போல. கீழ் வீட்டு அக்காதான் சோறு வைக்கிறாங்களாம்.

சரி, வீட்டு விஷயம்.

தம்பி பரீட்சைக்குப் போகாம உங்களோட கடலுக்கு வர்றேன்னு அடம் பிடிக்கிறான்னு குட்டி சொன்னா. நீங்க கடிதத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை, அதனால உங்களுக்கும் பாதி மனசு இருக்குன்னு புரியுது. ஆள் கிடைக்கலை, தெரியும். பரீட்சை முடியுற வரைக்கும் ஏத்தாதீங்க. அவனுக்கு நான் ஒரு வேலை வச்சிருக்கேன், இதைப் படிச்சுக் காட்டுங்க. மீன் தலைக்குள்ள காதுப்பக்கம் வெள்ளையா ஒரு ஜோடிக் கல் இருக்கும்ல, சின்ன வயசுல நாங்க சேர்த்து வச்சு விளையாடினது. அதை மெல்லிசா வெட்டி நுண்ணோக்கியில பார்த்தா மரத்துல இருக்கிற மாதிரி வளையம் தெரியும். குளிர்க்கடல் மீன்ல வருஷத்துக்கு ஒண்ணுன்னு எண்ணி வயசு சொல்லிடலாம், ஏன்னா குளிர்காலத்துல வளர்ச்சி மட்டுப்படும். நம்ம பக்கம் தண்ணி எப்பவும் வெதுவெதுப்பு, வளையம் அவ்வளவு தெளிவா விழாது. அதைத்தான் கடைசி வருஷத்துல செய்யலாமான்னு யோசிக்கிறேன். அதனால, வலை கரைக்கு வந்ததும் தம்பி கல்லை எடுத்துக் கழுவி, காய வச்சு, ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனிக் காகிதத்துல மடிச்சு, மேல மீன் பேர், நீளம், எடை, தேதி, எத்தனை பாகத்துல பிடிச்சதுன்னு எழுதணும். பேனாவால வேண்டாம், பென்சில். ஈரம் பட்டா மை ஓடிடும். எதையும் இங்க அனுப்ப வேண்டாம், நான் கேட்டுச் சொல்றேன். எழுத்து கோணலா இருந்தா எடுத்துக்க மாட்டேன்னு சொல்லுங்க.

என்ஜினுக்கு மாமாகிட்ட வட்டிக்கு வாங்காதீங்க. போன தடவை வாங்கினதுக்கே அத்தை இன்னும் சொல்லிக் காட்டுறாங்க. எனக்கு இந்த மாசம் பணம் அனுப்ப வேண்டாம், நிஜமாவே வேண்டாம். ஹோட்டல்ல கிடைக்கிறது போதும். அதை என்ஜின்ல போடுங்க.

போன ஞாயித்துக்கிழமை வீடியோவுல அம்மா கழுத்துல சங்கிலி இல்லை. அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கிட்டாங்க, நானும் பார்க்காத மாதிரி வேற பேச்சு பேசினேன். எந்தக் கடையில வச்சிருக்கீங்க, எவ்வளவுக்கு, மீட்க எப்போ கெடுன்னு குட்டியை விட்டு எழுதச் சொல்லுங்க. அடிச்ச வரியையும்.

உங்கள் மகள்

பி.கு. பெரியப்பாகிட்ட கேளுங்க: அமாவாசைக்கு எத்தனை நாள் கழிச்சு நீரோட்டம் மட்டுப்படும்னு. பாடப்புத்தகத்துல ஒண்ணு இருக்கு. அவர் என்ன சொல்றார்னு பார்க்கணும்.