செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஜனவரி முதல் டிசெம்பர் வரை எமது நிழற்படச் சங்கம் ஆற்றிய பணிகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

மாதாந்தக் கூட்டங்கள் பத்து நடைபெற்றன. செப்டெம்பரிலும் நவம்பரிலும் தேர்தல் காரணமாகக் கூடவில்லை. ஏப்ரல் விடுமுறையில் மாணவர்களுக்குக் கைபேசிப் படப்பிடிப்புப் பட்டறை ஒன்று நடத்தினோம். வாணி விழா வழமைபோல் நடந்தது. ஓகஸ்ட் மாதம் எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் காலமானார். சங்கத்தின் சார்பில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தினோம்.

இனி காரைநகர் – ஊர்காவற்றுறைப் பாதைப் படத்தொகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் பற்றி இவ்வாண்டு நேரிலும் மறைவிலும் பல பேச்சுகள் எழுந்தன. பதிலை எழுத்தில் வைப்பதே முறை என்று நினைக்கிறேன்.

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த இளம் அங்கத்தவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். வடக்கிலும் கிழக்கிலும் பாதை என்றால் தரையில் கிடக்கும் வழி மட்டுமல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டையான இரும்பு மிதவைக்கும் அதுதான் பெயர். "பாதை வருகுது", "பாதை போட்டுது, இனி அடுத்ததுக்குத்தான்" என்று துறையில் நிற்பவர்கள் சொல்வார்கள். காரைநகரிலிருந்து பார்த்தால் எதிரே ஊர்காவற்றுறை தெரியும். பாதை இல்லாவிட்டால் பொன்னாலைப் பாலத்தால் குடாநாட்டுக்குள் வந்து, யாழ்ப்பாண நகரத்தைத் தொட்டு, பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று சுற்ற வேண்டும். அதனால்தான் சைக்கிள்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் ஓட்டோக்காரரும் அந்தத் துறையில் காத்து நிற்கிறார்கள்.

இந்தத் தொகுப்பு ஏன் தொடங்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2011 ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் ஓடத் தொடங்கியது. 1972இல் யூகோஸ்லாவியாவில் கட்டப்பட்டு, 1982 முதல் 2004 வரை அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவின் யார்மத்துக்கும் இடையே பயணிகளையும் கார்களையும் ஏற்றிய கப்பல் அது. அப்படியொரு கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? படம் எடுக்கப் போவதா, யார் யார் போவது, அனுமதிக் கடிதம் யாருடைய கையொப்பத்தில் போவது என்று மூன்று கூட்டங்களில் பேசினோம். நவம்பர் மாதம் சேவை நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு கப்பலே உடைக்கப்பட்டுவிட்டது. எமது சங்கத்திடம் அதன் படங்கள் இரண்டே இரண்டு உள்ளன. இரண்டையும் ஓர் அங்கத்தவர் காலிமுகத்திடலில் நின்று எடுத்தார். ஒன்று அசைந்துவிட்டது. மற்றதில் அலைதடுப்புச் சுவருக்கு மேலே வெள்ளையாக ஒரு மேல்தளமும் புகைபோக்கியும் தெரிகின்றன. இன்று அதே இடத்தில் நின்றால் அந்தக் காட்சியும் கிடைக்காது. நடுவே துறைமுக நகரம் எழும்பிவிட்டது.

அந்த வெட்கத்தோடுதான் 2012இல் காரைநகருக்குப் போனேன். அதற்குள் பாலங்கள் வந்ததால் எத்தனை பாதைகள் கைநழுவிப் போயிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலமும் வந்தது. பாலங்கள் வந்தது நல்லதே. நோயாளியோடு நள்ளிரவில் துறையில் நின்று தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கிண்ணியாப் பாதையில் ஏறி இறங்கிய எமது அங்கத்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரிடமாவது அதன் முழுத் தோற்றம் தெரியும் ஒரு படம் இல்லை. கேட்டால், "தினமும் போற பாதையைப் படம் எடுக்கிறதோ" என்கிறார்கள். தினமும் போவதைத்தான் எவரும் எடுப்பதில்லை.

2012 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதம் போனேன். 2020இல் போகவில்லை. 2021இல் கொவிட்டும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் தடுத்துவிட்டன. 2023, 2024இல் மீண்டும் போனோம். ஆக இதுவரை பத்து முறை. பெப்ரவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வாடைக்கால மழை ஓய்ந்திருக்கும். ஆனி, ஆடியில் வீசும் சோழகம் எழும்ப இன்னும் நாள் இருக்கும். காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் தளத்தில் நிற்பவர்களின் முகங்கள் தெளிவாக விழும். பத்து மணிக்குப் பிறகு இரும்புத் தளமும் கடலும் சேர்ந்து கண்ணைப் பறிக்கும். போலரைசர் வடிகட்டி போட்டாலும் ஓரளவுதான் அடங்கும்.

முறையும் மாறுவதில்லை. காரைநகர்த் துறையில் அதே கல்லில் நிற்போம். அதே 50 மில்லிமீற்றர் லென்ஸ், கண்மட்ட உயரம். மூன்று படங்கள் மட்டுமே: வெறும் துறை, நடுக்கடலில் பாதை, கரைதட்டிச் சாய்தளம் இறங்கும் கணம். படத்தின் ஓரத்தில் ஹமன்ஹீல் கோட்டை வர வேண்டும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அந்தக் கடற்கோட்டை அசையாது நிற்பதால்தான் மற்றவை எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளக்க முடிகிறது. பக்கத்தில் கடற்படை முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமராவைத் திருப்புவதில்லை. பயணிகளிடம் கேட்டுத்தான் எடுக்கிறோம். பத்து முறையில் மறுத்தவர் ஒரேயொரு வயதான அம்மா. அவரும் மறுவருடம் "இந்த முறை எடு மோனே" என்றார்.

"ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் என்ன கலை இருக்கிறது" என்று மார்ச் மாதக் கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் கேட்டார். பத்து ஆண்டுப் படங்களையும் மேசையில் வரிசையாக அடுக்கிக் காட்டினேன். 2012இல் தளம் நிறையச் சைக்கிள்கள். ஆண்டுக்கு ஆண்டு அவை குறைந்து, 2019இல் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. 2023 பெப்ரவரியில், எரிபொருள் கியூஆர் முறையில் அளந்து கொடுக்கப்பட்ட காலத்தில், சைக்கிள்கள் மறுபடி வந்திருக்கின்றன. பொதிகளும் மாறியிருக்கின்றன. பனையோலைப் பெட்டியோடு நின்ற பெண்மணியின் இடத்தில் வேறொருவர் பிளாஸ்டிக் கூடையோடு நிற்கிறார். தனியாக எடுத்தால் இந்தப் பத்தில் ஒன்றுக்கும் எந்தப் போட்டியிலும் பரிசு கிடைக்காது. எனக்குத் தெரியும். சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் எடுத்த படங்கள் என்னிடமும் உண்டு. அவற்றுக்குத்தான் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆனால் நாளை அங்கே ஒரு பாலம் வந்தால், பாதை எப்படி இருந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த அந்திவானம் விடை சொல்லாது.

செயலாளர் சங்கக் காசில் சொந்த ஊர் பார்க்கப் போகிறார் என்றும் பேசப்பட்டது. என் தாயாரின் ஊர் ஊர்காவற்றுறை என்பது உண்மை. சிறுவயதில் அவரது கையைப் பிடித்துக்கொண்டு பாதையில் ஏறியிருக்கிறேன். அதை நான் எவரிடமும் மறைத்ததில்லை. பத்துப் பயணங்களிலும் என் பஸ், ரயில் கட்டணத்தை நானே கொடுத்தேன். சங்கம் கொடுத்தது உள்ளூர் வான் வாடகையும் படம் அச்சிட்ட செலவும் மட்டுமே. பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் உள்ளன. விரும்பியவர் பார்க்கலாம்.

வான் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. இவ்வாண்டுப் பயணத்துக்குப் பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். மஹவ – அனுராதபுரம் ரயில் பாதை திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்ததால் இரவு பஸ்ஸில் போக ஏற்பாடு செய்தேன். யாழ்ப்பாணத்தில் பெரிய வான் ஒன்றுக்கும் முற்பணம் கட்டினேன். வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் பஸ் ஏற வந்தவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். மூவர் அன்று மாலை தொலைபேசியில் சொன்னார்கள். மற்ற நால்வர் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினொரு பேருக்கான வானில் நான்கு பேர் போனோம். என்னோடு வந்த மூவரில் ஒருவர் எழுபத்திரண்டு வயது அண்ணர். மற்ற இருவர் பல்கலைக்கழக மாணவிகள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன். பாதை கரைதட்டிய கணத்தை இம்முறை எடுத்தவர் அந்த மாணவிகளில் ஒருவர். பத்தாண்டுகளிலும் இதுவே சிறந்தது.

இவ்வாண்டின் இன்னொரு நல்ல செய்தி, ஓர் அங்கத்தவர் கொண்டுவந்து தந்த நெகட்டிவ் உறை. அவரது தகப்பனார் எழுபதுகளில் தலைமன்னாரில் எடுத்தவை. 1914இல் தனுஷ்கோடிக்குத் தொடங்கிய கப்பல் சேவை, 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. அந்தக் காலத்து 'இராமானுஜம்' கப்பலின் ஏறுபடியும், படியில் தகரப் பெட்டியோடு நிற்கும் ஒரு குடும்பமும் பதினான்கு நெகட்டிவ்களில் இருக்கின்றன. ஐந்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கடற்கரையோர வீடுகளில் நெகட்டிவ்களை அலுமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மிச்சமான ஒன்பதையும் ஸ்கான் செய்து, எங்கே, எப்போது, யார் என்று தெரிந்த அளவுக்குக் குறிப்பும் எழுதிவிட்டோம்.

ஓகஸ்டில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'சிவகங்கை' கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் படங்கள் மூன்று கிடைத்துள்ளன. அதில் வாகனம் ஏறாது. ஆனாலும் 2011இன் தவறை மறுபடி செய்யக்கூடாது என்பதால் அவற்றையும் தொகுப்பில் சேர்த்துவிட்டேன்.

கணக்கு விபரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். கையில் சிறு மீதி உண்டு. ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி (வற்) 18 வீதமானதும் அச்சுத்தாள் விலையும் கண்காட்சியைத் தள்ளிப்போட வைத்தன. ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. எமது பதிவேட்டில் 58 அங்கத்தவர் உள்ளனர். ஆண்டுச் சந்தா 3,000 ரூபா. கட்டியவர்கள் 23 பேர். மூன்று ஆண்டுகளாகக் கட்டாதவர்களும் வட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறார்கள். அவர்களின் அன்பை மதிக்கிறேன். சந்தாவும் வந்திருந்தால் நவம்பரில் கண்காட்சி நடந்திருக்கும். பத்துப் பாதைப் படங்களையும் பெரிய அளவில், ஒரே வரிசையில், கண்மட்டத்தில் மாட்ட வேண்டும் என்பது என் விருப்பம். சட்டம் போடுவதற்கான மதிப்பீடு என் கோப்பில் தயாராக இருக்கிறது.

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும், மண்டபம் தந்து உதவியவர்களுக்கும், கூட்டங்களுக்குத் தேநீர் ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். என் முழங்கால் இப்போது துறையில் இரண்டு மணித்தியாலம் நிற்க விடுவதில்லை. செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் கேட்டால் இன்றே கொடுப்பேன். கோப்புகளோடு, கல்லைக் காட்டும் வரைபடத்தையும், மூன்று படங்களுக்கான குறிப்பையும், அந்த 50 மில்லிமீற்றர் லென்ஸையும் கொடுப்பேன். லென்ஸ் என் சொந்தம், திருப்பித் தரத் தேவையில்லை. எவரும் முன்வராவிட்டால் இன்னும் ஓராண்டு நானே இருப்பேன். அப்படியானாலும் பெப்ரவரியில் கல்லில் நிற்க எனக்குப் பதிலாக ஒருவர் வேண்டும்.

பதினோராவது பயணம் 2025 பெப்ரவரி 7, வெள்ளிக்கிழமை இரவு. இம்முறை வானில் பத்து இடங்கள். பெயரோடு முற்பணமும் ஜனவரி 31க்குள் பொருளாளரிடம் சேர வேண்டும். சந்தா நிலுவை உள்ளவர்கள் இரண்டையும் சேர்த்தே கட்டலாம். லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு கொண்டுவாருங்கள். உப்புக் காற்றில் ஒன்று போதாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரைநகர்த் துறையில் நிற்க வேண்டும். தவறினால் வெளிச்சம் போய்விடும்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 06